மயில்கழுத்து ஜாயிண்ட்

அந்தக் குழாய் பட்டறையில் கணவன் பற்ற வைப்பான், மனைவி பார்த்துத் தள்ளுபடி செய்வாள். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்துதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் அங்கே டிக் வெல்டர், ஆர்கான் வாயுவை ஊதவிட்டுக் குழாய் பற்ற வைக்கிறவன். அவள் டிப்ளமோ முடித்துத் தரம் பார்க்கும் வேலைக்கு வந்தவள். அவன் போட்ட ஒரு ஜாயிண்டில் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டதுதான் அவர்களுடைய முதல் அறிமுகம். "அந்தக் குறியைப் பார்த்ததும் எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்று கணவன் சொந்தக்காரர்களிடம் சொல்வான். "எனக்கு அந்த ஜாயிண்ட் இன்னிக்கு வரைக்கும் பிடிக்கல" என்று அவள் சொல்வாள்.

பட்டறையில் பெரும்பாலும் எவர்சில்வர் குழாய் வேலை. பால் பண்ணைக்கும் பழச்சாறு கம்பெனிக்கும் போகிற குழாய்கள். ஒரு குழாயை இன்னொன்றோடு சேர்த்துப் பற்ற வைக்கும்போது ஆர்கான் வாயு வந்து சூடான இடத்தைக் காற்றுப் படாமல் போர்த்திக்கொள்ள வேண்டும். போர்வை சரியாக இருந்தால் ஜாயிண்ட் வெள்ளியாக இருக்கும், மிஞ்சிப்போனால் லேசாக வைக்கோல் நிறம் தட்டும். போர்வை விலகினாலோ, சூடு அதிகமானாலோ, முதலில் பொன்னிறம், பிறகு ஊதா, நீலம், கடைசியில் அடுப்புச் சாம்பல். இவ்வளவுதான் விஷயம். வெல்டருக்கும் இது தெரியும். தெரிந்த விஷயம் மனிதனை எந்தக் காலத்தில் தடுத்திருக்கிறது?

வினை மச்சான் உருவத்தில் வந்தது. மச்சான் என்றால் அவளுடைய தம்பி. எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிலைக்காதவன். அக்கா காலில் விழுந்து, அத்தான் கையைப் பிடித்து, பட்டறையில் விளம்பரப் பிரிவு என்று ஒன்றை உண்டாக்கி, அதற்குத் தலைவனாகவும் ஒரே ஊழியனாகவும் ஆனான். அவனுடைய ஆயுதம் ஒரு செல்போனும் அதைத் தாங்கும் மூன்று கால் கம்பியும்.

வந்த முதல் வாரமே, அத்தான் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தான்.

"அத்தான், இந்த வெளிச்சத்துல உங்க கை சினிமாக்காரங்க கை மாதிரி இருக்கு."

"சும்மா இருடா, குழாய் ஓட்டை விழுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே வெல்டர் கையைப் பார்த்தான். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தீ கக்கும் வெல்டிங் டார்ச் ஒரே இடத்தில் நின்று சூடு ஏறிவிட்டது. முகமூடியைத் தூக்கினால், ஜாயிண்டைச் சுற்றி மயில்கழுத்து நிறம்! ஓரத்தில் பொன், நடுவில் ஊதா, அதற்குள் ஒரு நீலம், பட்டுப்புடவைக் கடையில் விரித்துப் போட்டது மாதிரி மினுங்கியது.

"ஐயையோ, வெந்துபோச்சு" என்றான் வெல்டர்.

"வாயை மூடுங்க அத்தான்" என்று மச்சான் படம் எடுத்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எங்கெங்கேயோ போய்விட்டது. கப்பல் கட்டுகிறவர்களும், சைக்கிள் பழுது பார்க்கிறவர்களும், இரும்பையே தொடாதவர்களும் இதயம் போட்டார்கள். ஒருவன் "இது கை இல்லை, தூரிகை" என்று எழுதியிருந்தான். அதை எழுதியது மச்சானேதான் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் மற்றவையெல்லாம் நிஜமான ஆட்கள் போட்டவை. மறுநாள் பட்டறையில் எல்லோரும் அவனை 'மயிலு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவரை அவனுக்குப் பட்டப்பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. 'ஏப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலாளி படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டினார். அவர் இரும்பு வியாபாரத்திலிருந்து மேலே வந்தவர். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு பேனர் தெரியும் அவருக்கு.

"இந்த நீலம் இருக்கே, இது நம்ம கம்பெனி போர்டு கலர். தானா அமைஞ்சிருக்கு பாரு! இனிமே இங்கேயிருந்து போற ஒவ்வொரு ஜாயிண்டும் இந்தக் கலர்லதான் போகணும்."

"சார், அது சூடு அதிகமான கலர். துரு பிடிக்காதுன்னுதானே எவர்சில்வர் வாங்குறாங்க? இந்தக் கலர் வந்த இடத்துலதான் முதல்ல துரு ஏறும்" என்றாள் மனைவி.

முதலாளி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு நாலு பேர் கைதட்டினா உனக்கு என்ன கஷ்டம்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் சொல்லும் பதில் இல்லை அது.

அதன்பிறகு பட்டறையில் பாதி வேலை வெல்டிங், பாதி வேலை படப்பிடிப்பு. புகை முகத்தை மறைக்கிறது என்று மச்சான் ஒரு ஸ்டாண்ட் ஃபேனைக் கொண்டுவந்து மயிலுக்குப் பக்கவாட்டில் வைத்தான். முடியும் லேசாகப் பறந்தது. அழகாக இருந்தது. ஜாயிண்ட் முடிந்த அந்த நொடியே டார்ச்சை எடுத்துவிட்டு, முகமூடியைத் தூக்கி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். முன்பெல்லாம் தீ அணைந்த பிறகும் வாயு ஊதி முடியும்வரை மயிலு டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்பான். "அது என்ன அத்தான், செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி சும்மா நிக்கிறீங்க? பாக்கிறவன் தள்ளிட்டுப் போயிடுவான்" என்று மச்சான் சொன்னதும் அதுவும் நின்றுபோனது.

கடைசியில் குழாயின் உள்பக்கத்துக்கே ஆபத்து வந்தது. பற்ற வைக்கும்போது குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் நிரப்புவார்கள். இரண்டு முனைகளையும் டேப் ஒட்டி அடைத்து, ஒரு சின்ன ட்யூபைச் சொருகிவிடுவார்கள்.

"இது என்ன அத்தான், ஆஸ்பத்திரியில படுத்துக்கிடக்கிற மாதிரி இருக்கு? டேப்பு, ட்யூபு! படத்துக்கு நல்லாவே இல்லை."

"உள்ளே காஸ் போகலைன்னா உள்பக்கம் கெட்டுடும்டா."

"உள்பக்கத்தை யார் அத்தான் பாக்கப்போறா?"

அக்கா பார்ப்பாள். அதுதான் அவள் வேலை. கம்பி மாதிரி நீளமான கேமராவைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தாள். திரையில் ஜாயிண்டின் அடிப்பக்கம் கருகி, பொரிந்து, சர்க்கரையைக் கொட்டி வறுத்தது மாதிரி கிடந்தது. பால் அதில் ஒட்டும். ஒட்டினது கெடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. வரிசையாகச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டாள். முதலாளியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க சார், சர்க்கரை மாதிரி பொரிஞ்சிருக்கு."

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மச்சான் சொன்னான்: "பாலுக்குச் சர்க்கரை பொருத்தம்தானே அக்கா?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்மா. நீலத்து மேல சிவப்பு மை அசிங்கமா இருக்கு. படத்துல விழுது. அந்த மார்க்கரைக் கொடு" என்று வாங்கிக்கொண்டு, போட்ட குறிகளை மச்சானை விட்டு அழிக்கச் சொல்லிவிட்டு, பச்சை மார்க்கர் ஒன்றைக் கொடுத்தார். "நல்லதா இருக்கிறதுக்கு மட்டும் டிக் போடு. மத்ததை அப்படியே விட்டுடு. நானும் உன்னை வேலை செய்யாதேன்னு சொல்லலை பாரு."

அவள் பச்சை மார்க்கரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அதன் மூடி திறக்கப்படவே இல்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மயிலுதான் பேச்சை ஆரம்பித்தான்.

"ஊரே மெச்சுது. நீ ஒருத்தி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கே."

"ஊரு வெளியில பாக்குது. நான் உள்ளே பாக்குறேன்."

"வீட்டுலயாவது ரிஜெக்ட் பண்ணாம இரு."

"வீட்டுல நான் ரிஜெக்ட் பண்ண ஆரம்பிச்சா நீங்க எங்கே போவீங்கன்னு யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சான், இருவரில் யாரை ஆதரித்தால் அடுத்த வேளைச் சோறு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, "அக்கா, குழம்பு அருமை" என்றான்.

குழாய்கள் லாரி ஏறிப் போயின. பால் பண்ணையின் என்ஜினியர் அம்மா அடுத்த சில நாட்களில் நேரிலேயே வந்துவிட்டார். அதிகம் பேசாத பெண். முதலாளி வாசலில் நின்று வரவேற்று, மச்சான் அதைப் படம் பிடிக்க, பேனருக்குக் கீழே அந்த அம்மாவை நிறுத்தப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை. திருப்பி ஏற்றி வந்திருந்த குழாய் ஒன்றை இறக்கச் சொன்னார். அது நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது. வெளியே மயில். உள்ளே வறுத்த சர்க்கரை.

"இதை யார் செக் பண்ணது?"

"நான்தான் மேடம்" என்றாள் மனைவி.

"பாத்தீங்களா? பாத்தும் பாஸ் பண்ணீங்களா?"

"பாஸ் பண்ணலை மேடம். ரிஜெக்ட்தான்."

"எங்கேயும் குறி இல்லையே?"

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்: "போட்டதை அழிச்சுட்டு, மார்க்கரை வாங்கிட்டாங்க."

பட்டறையில் ஒரு கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"எனக்கு வெள்ளி கலர் வேணும். ரொம்பப் போனா லேசான வைக்கோல் கலர். உள்ளேயும் அப்படித்தான், வெளியேயும் அப்படித்தான். எல்லாத்தையும் புதுசாப் போட்டுக் கொடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற இடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வண்டி ஏறினார்.

வண்டியின் புழுதி அடங்குவதற்கு முன்னாலேயே முதலாளி திரும்பினார். "எவன்யா நீலத்துல போடச் சொன்னது?"

எல்லோரும் பேனரைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். பிறகு, "முதல்ல அதைக் கழட்டுங்க" என்றார். சிவப்பு மார்க்கர் அன்று மாலையே திரும்ப வந்தது. அதுவும் ஒரு புது டப்பா நிறைய.

இப்போதுதான் மயிலுக்கு உண்மையான சோதனை. குழாய் முனைகளில் டேப் ஒட்டி, ட்யூப் சொருகி, உள்ளே ஆர்கான் விட்டான். உள்பக்கம் தேறிவிட்டது. வெளிப்பக்கம்தான் அடங்க மாட்டேன் என்றது. ஆம்பியரைக் குறைத்தான், நீலம் வந்தது. கையை வேகமாக ஓட்டினான், ஊதா வந்தது. காஸ் சரியில்லை என்று சிலிண்டரை மாற்றினான். ஜாயிண்டில் உருக்கி நிரப்பும் ஃபில்லர் கம்பி சரியில்லை என்று கம்பியை மாற்றினான். மெஷினைத் திட்டினான், வெயிலைத் திட்டினான். முதலாளி எங்கோ விசாரித்து, நுனியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த விலையுயர்ந்த டார்ச் ஒன்றை வரவழைத்தார். அதிலும் நீலம்தான் வந்தது. என்ன, கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நீலம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"வெள்ளி பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்றான் மச்சான். அக்கா பார்த்த பார்வையில் அவன் மூன்று கால் கம்பியோடு இரண்டடி பின்னால் போனான். ஆனால் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. 'மயிலின் மறுபிறவி' என்று அதற்குத் தலைப்பும் வைத்திருந்தான்.

மயிலு உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தான். மச்சான் வருவதற்கு முன்னால், யோசிக்காமலேயே வெள்ளியாகத்தானே வந்துகொண்டிருந்தது? கை மறந்துவிட்டதா? ஒரு மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் வந்து மனைவி உட்கார்ந்தாள்.

"சொல்லேன், எங்கே தப்புன்னு. நீதான் எல்லாத்தையும் பாக்குறவளாச்சே."

அவள் நேராகச் சொன்னாள்: "எனக்கும் தெரியலைங்க. தப்பைக் காட்டத்தான் எனக்குத் தெரியும். எதனால வருதுன்னு சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் மார்க்கரோட சுத்தப் போறேன்?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் தெரியாது என்று சொல்லி அவன் கேட்டதில்லை. ஏனோ அது அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தான்.

அன்று பிற்பகல் கரண்ட் போயிற்று. முதலாளியின் சிக்கனத்தில் ஜெனரேட்டர் வெல்டிங் மெஷின்களுக்கு மட்டும்தான். விளக்கு, ஃபேன் எதுவும் அதில் வராது. "வெளிச்சம் இல்லை அத்தான்" என்று மச்சான் மூன்று கால் கம்பியை மடக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெயிலில் மயிலு ஒரு ஜாயிண்ட் போட்டான். சிரிக்க யாருமில்லை என்பதால் முடிந்த பிறகும் டார்ச்சைப் பிடித்தபடி சோர்ந்துபோய் அப்படியே நின்றான். வாயு ஊதி ஓய்ந்தது. முகமூடியைத் தூக்கினான்.

வெள்ளி. ஒரு ஓரத்தில் மட்டும் இளம் வைக்கோல்.

"இங்கே வா! சீக்கிரம் வா!" என்று அவன் கத்திய கத்தலில் யாருக்கோ கை வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்துப் பஞ்சோடு ஓடி வந்தார்கள். மனைவி குனிந்து பார்த்தாள். உள்ளே கேமராவை விட்டும் பார்த்தாள். பச்சை மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

முதலாளி நிலைமையை ஆராய்ந்து உடனே முடிவுக்கு வந்தார். "புரிஞ்சுபோச்சு. இருட்டு! வெளிச்சம் பட்டா நீலம், இருட்டுல வெள்ளி. போட்டோ ஃபிலிம் மாதிரிதான் இதுவும்." மறுநாள் காலையில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு மாட்டச் சொன்னார். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நடந்தார்கள். வெப்பம் தாங்காமல் வியர்வை ஆறாக ஓடியது. ஆனால் என்ன சொல்வது, ஜாயிண்டுகள் வெள்ளியாகத்தான் வந்தன. முதலாளி தன்னுடைய கண்டுபிடிப்பை இரண்டு கம்பெனிக்காரர்களுக்கு போன் போட்டு இலவசமாகவே சொன்னார். அதில் ஒருவர் அதையே செய்து, மேஜையில் இடித்துப் பல்லை உடைத்துக்கொண்டதாகக் கேள்வி.

இந்த இருட்டு ராஜ்யம் முதலாளியின் கருணையால் முடிந்தது. வியர்வையில் குளித்துக்கொண்டிருந்த மயிலைப் பார்த்து அவர் மனம் இளகிவிட்டது. கழுத்தில் மாட்டியிருந்த பேட்டரி ஃபேனைக் கழற்றி, அவன் இடது பக்கமாக நின்று, தன் கையாலேயே காட்டினார்.

"நல்லாப் போடு மயிலு. நான் விசிறுறேன்."

ஜாயிண்ட் முடிந்தது. மனைவி டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தாள். வலது பக்கம் வெள்ளி. இடது பக்கம் நல்ல மயில்கழுத்து.

"ஒரு பக்கம் மட்டும் நீலமா இருக்கு" என்றாள் மெதுவாக.

மயிலு குழாயைப் பார்த்தான். முதலாளி கையிலிருந்த ஃபேனைப் பார்த்தான். பிறகு, மூலையில் இருட்டில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெரிய ஸ்டாண்ட் ஃபேனைப் பார்த்தான். அவளும் அதையேதான் பார்த்தாள்.

"காத்து" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"காஸை ஊதித் தள்ளியிருக்கு. போர்வையை இழுத்து இழுத்து விட்டிருக்கு" என்று மயிலு தலையில் அடித்துக்கொண்டான். "என் முடி பறக்கணும்னு வச்ச ஃபேன்!"

முதலாளி பேட்டரி ஃபேனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "நானும் அதைத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

சாக்குகள் இறங்கின. விளக்குகள் எரிந்தன. ஃபேன் முதலாளியின் அறைக்குப் போனது. மயிலைச் சுற்றித் தடித்த துணியால் மறைப்புக் கட்டினார்கள். ஒன்று தெரிந்ததும் மற்றதெல்லாம் தானாக ஞாபகத்துக்கு வந்தது அவனுக்கு. குழாய் முனையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தான். சாதா இரும்பு தேய்த்த பிரஷ்ஷை இதில் தொடவிடாமல் தனி பிரஷ் வைத்துக்கொண்டான். ஃபில்லர் கம்பியின் நுனி வாயுவை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொண்டான். கொஞ்சம் போட்டு, குழாய் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி போட்டான். தீ அணைந்த பிறகும் வாயு ஓயும்வரை அசையாமல் நின்றான். மச்சான் இதையும் படம் எடுத்துப் பார்த்தான். துணிக்குப் பின்னால் ஒருவன் துடைக்கிறான், காத்திருக்கிறான், நிற்கிறான். கீழே ஒரே ஒருவர் 'வீடியோ நின்னுடுச்சு போல' என்று எழுதியிருந்தார்.

பால் பண்ணை அம்மா மறுபடி வந்தார். ஒவ்வொரு குழாயிலும் தானே கேமராவை விட்டுப் பார்த்தார். ஒன்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததற்குப் போனார். அதிலும் ஒன்றும் சொல்லவில்லை. மயிலு கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். ஒரு 'நல்லாருக்கு' விழுந்தாலும் பொறுக்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். கடைசிக் குழாயும் முடிந்தது. "ஏத்துங்க" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

லாரி போனதும் முதலாளி ஆட்களைக் கூட்டிப் பேசினார். தூய்மைதான் இந்தக் கம்பெனியின் உயிர்மூச்சு என்றும், வர்ண ஜாலத்துக்கு மயங்காதவர்கள் நாம் என்றும், இதை ஆரம்பத்திலிருந்தே தான் வலியுறுத்தி வந்ததாகவும் சொன்னார். புதுப் பேனர் வெள்ளியில் வரப்போகிறது. மச்சான் பலமாகக் கை தட்டினான்.

வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்த கணவன் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லலை பாத்தியா?"

"அவங்க பேசினாத்தான் நாம பயப்படணும்."

"சரி, நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?"

அவள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பழக்கமில்லாத வேலை.

"எல்லாம் பாஸ்தான். ஆனா ரெண்டு ஜாயிண்ட்ல மட்டும் உள்பக்கம் லேசா மேடு தட்டியிருந்துச்சு. தள்ளுற அளவுக்கு இல்லை."

பழைய மயிலாக இருந்தால் எழுந்து வெளியே போயிருப்பான். அவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முன்னாலிருந்து பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் நகர்த்தினான்.

"எந்த ரெண்டு?" என்றான்.